பீரங்கிக்கு மாலை போட்டார் கஜபதி

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் போய் கஜபதி வீடு எது என்று கேட்டால், "உப்புமா கஜபதியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையின் கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை. ஊருக்கே சேர்த்துக் கிண்டினாலும் அடிபிடிக்காத உப்புமா அவருடையது. அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் குவார்ட்டர்ஸில் இருந்த குணசேகரன் என்ற திருநெல்வேலிப் பையன், இப்படிச் சமைக்கிற மனுசன் வீட்டில் பெண் எடுத்தால் வயிறு வாடாது என்று கணக்குப் போட்டு, அவருடைய ஒரே மகள் வடிவைக் கேட்டு வந்தான். கல்யாணம் முடிந்த கையோடு அவனுக்கு ஜபல்பூருக்கு மாற்றல். வடிவும் போய்விட்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் புரட்டாசியில் வடிவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கஜபதி தொட்டில் கட்டக் கொக்கிகூட அடித்துவிட்டார். ஆனால் ஜபல்பூர் டாக்டரம்மா, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இவ்வளவு தூரம் ரயிலில் போகவே கூடாது என்று சொல்லிவிட்டாள். பெண் வர முடியாவிட்டால் என்ன, தாய்வீடு கிளம்பிப் போயிற்று. கஜபதியின் மனைவி வனஜா லேகியம், ஊறுகாய், வடகம், பழம்புடவை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினாள். ஏறும்போது புருஷனுக்கு ஒரே ஒரு உத்தரவு போட்டாள்.

"யோவ், நீ துன்னியா தூங்கினியான்னுகூட நான் கேக்க மாட்டேன். பீரங்கிக்கு மட்டும் வேளாவேளைக்கு சோறு வெச்சிடு. அது பொண்ணு உசுரு."

பீரங்கி ஒரு பூனை. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை வடிவுதான் பாவாடையில் சுற்றி எடுத்து வந்தாள். உள்ளங்கை அளவு உடம்பை வைத்துக்கொண்டு அது போட்ட சத்தத்தைக் கேட்டு அந்தப் பெயர் வைத்தாள். சாம்பல் நிறம், வெள்ளை மூக்கு, முறுக்கிவிட்ட மீசை. அதற்கும் கஜபதிக்கும் ஆகாது. அடுப்படியில் பூனை நுழைந்தாலே அவருக்குத் தொழில் முறையில் கோபம் வரும். பூனைக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் இருந்தது. மனுசன் மேலெல்லாம் கேன்டீன் வாசனையோடு வருகிறான், கையில் ஒரு மீன் முள் கொண்டுவருவதில்லை.

ஒருநாள் தாட்சாயிணியின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, கஜபதி ஓடினார். வடிவு பேசினாள்.

"நைனா, பீரங்கி எப்டி கீறான்? கனாவுல வந்துகினே கீறான். ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு நைனா. அவர் உட்டுட்டுப் போன கேமரா பீரோவுல கீது பாரு."

"எனக்கு கேமராவெல்லாம் எங்கம்மா தெரியும்?"

"தெரியாட்டி இன்னா? பித்தான அமுக்கு. அவ்ளோதான்."

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டு இல்லையென்று சொல்லலாமா? மறுநாளே கஜபதி பட்டாபிராம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த பால்ராஜிடம் போய், புது ரீல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள். கஜபதிக்கு ஒரு வழக்கம் உண்டு. கேன்டீனுக்குப் புது அண்டா வந்தாலும் சரி, புதுக் கரண்டி வந்தாலும் சரி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் அடுப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டார். முதன்முதலாக ஒரு பொருளைக் கையாளும்போது அதற்குரிய மரியாதையைச் செய்யவேண்டும் அல்லவா? கேமராவை மணைமேல் வைத்தார். சந்தனம் குங்குமம் இட்டார். குத்துவிளக்கை ஏற்றி, ஊதுபத்தியை வாழைப்பழத்தில் செருகி, மல்லிகைச் சரத்தைப் போட்டுக் கற்பூரம் காட்டினார்.

பிறகு படம் பிடிக்கப்போகிற ஆளைப் பார்த்தார். கேமராவுக்கு உண்டு, பூனைக்கு இல்லையென்றால் எப்படி? மகளின் செல்லம் வேறு. வயிறு நிறைய நெத்திலி போட்டு, பீரங்கியைத் தூக்கி அதே மணையில் வைத்தார். நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. கேமராவுக்குப் போட்ட மாலை பீரங்கியின் கழுத்துக்கு வந்தது. முதலில் மூலைக்கு மூலை ஓடி அவரை அலையவிட்ட பூனை, நெத்திலி உள்ளே போய் வேலை செய்ததும், சரி போ என்று மணையிலேயே நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. கஜபதி நின்றபடி, குனிந்தபடி, எட்டியபடி பித்தானை அமுக்கி அமுக்கி ரீலைத் தீர்த்தார்.

படங்களை வாங்கப் போனபோது பால்ராஜின் முகம் சரியில்லை. வழக்கமாக வாய் ஓயாதவன், எழுந்து நின்று கவரை இரண்டு கையாலும் கொடுத்தான். பிரித்துப் பார்த்தார் கஜபதி. ஒரு படத்தில் வால். ஒரு படத்தில் அவருடைய கட்டைவிரல். இன்னொன்றில் இருட்டுக்குள் இரண்டு பச்சை பல்பு எரிந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்திருந்தது. அதை மட்டும் பால்ராஜ் கேட்காமலே பெரிதாகப் போட்டு, சுற்றிலும் கறுப்புக் கரை வைத்திருந்தான்.

"மனச தேத்திக்க அண்ணாத்தே. நம்ம கையில இன்னா கீது?" என்றான் மெல்லிய குரலில்.

மற்ற படங்கள் வீணானதற்குத்தான் பையன் ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார் கஜபதி.

"பரவால்லபா. ஒண்ணாவது நல்லா வந்துச்சே" என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து பால்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் படத்தை அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, மகள் எப்போது கூப்பிட்டுப் பாராட்டுவாள் என்று கஜபதி பூத்துப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது வனஜா.

"பாவி மனுசா! ஒரு பூனைய பாத்துக்கத் துப்பு இல்லியா உனக்கு? சாவடிச்சிட்டு அத படம் வேற புடிச்சி அனுப்பிகீறியே, நீ மனுசனா?"

"யாருடி செத்தது?"

"மணையில கெடத்தி, பொட்டு வெச்சி, மாலையப் போட்டு, வெளக்கேத்தி, ஊதுபத்தி கொளுத்தி... கறுப்புக் கரை வேற! புள்ள நேத்துலேர்ந்து பச்சத் தண்ணிகூட பல்லுல படாம படுத்துக் கெடக்கா. ரத்தக்கொதிப்பு ஏறிப் போச்சின்னு டாக்டரம்மா திட்டறாங்கய்யா."

 அப்போதுதான் அந்தப் படம் கஜபதியின் மனக்கண்ணில் மறுபடி வந்து நின்றது. மாலை போட்ட படமென்றால் ஊர் உலகத்தில் என்ன அர்த்தம்? ஐயையோ!

"வனஜா, மெய்யாலுமே சொல்றேன், பீரங்கி உசுரோட கீது. காத்தால கூட என் சட்டைமேல படுத்துகினு இருந்துச்சி. வடிவுகிட்ட குடு."

வடிவின் குரல் கம்மிப் போயிருந்தது. "வேணாம் நைனா. எங்க தாத்தா செத்தப்பவும் இப்டிதான் சொன்ன. பரிச்சை எழுதறேன்னு, தாத்தா நல்லா கீறாரு, கஞ்சி குடிச்சாருன்னு சொல்லிகினே இருந்த. பரிச்சை முடிஞ்சி ஊட்டுக்கு வந்தா காரியமே முடிஞ்சி போச்சி. இப்பவும் புள்ளத்தாச்சியாச்சேன்னு மறைக்கிற."

 நல்லதுக்கென்று சொன்ன பொய், இன்றைக்கு உண்மையின் வாயை அடைத்துவிட்டது.

மறுநாள் காய்கறிப் பையில் பீரங்கியைப் போட்டு, மேலே துண்டைக் கட்டி, பூத்துக்கே கொண்டுவந்தார். நம்பர் கிடைத்ததும், "இந்தா, நீயே கேளும்மா" என்று ரிசீவரைப் பூனையின் வாயருகில் பிடித்தார். தெருவே கேட்கக் கத்துகிற பீரங்கி, கண்ணாடிக் கூண்டைப் பார்த்து அரண்டு வாயே திறக்கவில்லை. கெஞ்சினார். கிள்ளினார். ஊஹூம். பூத்தின் மீட்டர் எண்கள் ஓடுகின்றன. அந்தப் பக்கம் மகள் காத்திருக்கிறாள். என்ன செய்வார் மனுசன்? வாயைக் குவித்துத் தானே "மியாவ்" என்றார்.



"நைனா," என்றாள் வடிவு, "சின்ன வயசுல எனக்கு சோறு ஊட்டறப்ப இதே மாதிரிதான் கத்துவ."

"தப்புதாம்மா. மன்னிச்சிக்கோ. வேற போட்டோ அனுப்பறேன், கண்ணு தொறந்துகினு கீற மாதிரி."

"இதுக்கு முன்னாடி புடிச்சது எதுனா வெச்சிருப்ப. அத அனுப்புவ." போனை வைத்துவிட்டாள். தாட்சாயிணி சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கஜபதி நேராக பட்டாபிராமுக்கு ரயிலேறினார். நடந்ததைக் கேட்ட பால்ராஜ் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் சிரித்தான், நாற்காலியிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தான்.

"உன் பூனைக்காக நான் அன்னிக்கு ராத்திரி சரியா துன்னவே இல்ல அண்ணாத்தே!"

"சிரிச்சது போதும். என் பொண்ணு அங்க பட்டினி கெடக்குறா. நல்லா படம் புடிக்கச் சொல்லிக் குடு."

பால்ராஜ் சிரிப்பை விட்டான். கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊட்டுல எங்க வெச்சி புடிச்ச?"

"கூடத்துல. பளிச்சுனு லைட்டு அடிச்சி."

"அத போடாத. பூன கண்ணுல பட்டா பேய் மாதிரி முழிக்கும். ஜன்னலாண்ட, வாசப்படியாண்ட பகல் வெளிச்சம் வரும் பாரு, அங்க புடி. வெளிச்சம் உன் முதுகு பக்கம் இருக்கட்டும். ஆமா, நின்னுகினா புடிச்ச?"

"பின்ன? படுத்துகினா?"

"படுத்துகினுதான்! மேலேர்ந்து பாத்தா அது வெறும் முதுகு. அது கண்ணு எந்த ஒசரத்துல கீதோ அங்க உன் கண்ணு இருக்கணும். அதுக்குன்னு மூக்காண்ட போயிடாத, இந்தப் பொட்டிக்கு கிட்ட போனா மங்கும். ஒரு பாய் நீளம் தள்ளி இரு. அத உக்கார வெக்காத, அலங்காரம் பண்ணாத. அது வேலைய அது பாக்கட்டும், நீ சும்மா காத்துகினு இரு."

"சும்மா காத்துகினு இருக்கறதா வேலை?"

"அதான் அண்ணாத்தே வேலையே. உப்புமாவுக்கு தண்ணி கொதிக்கறதுக்குள்ள ரவைய கொட்டுவியா நீ?"

அது ஒன்று போதும். கஜபதிக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. எவ்வளவு நல்ல படம் அனுப்பினாலும் பழைய படம் என்றுதானே சொல்வாள்? அதை யோசித்துக்கொண்டே காலையில் சுவரில் இருந்த தினக் காலண்டரில் தேதித் தாளைக் கிழித்தார். 'சர்ர்' என்ற சத்தம் கேட்டு, அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்த பீரங்கி அம்பு மாதிரி பாய்ந்து வந்து, கையிலிருந்த தாளைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடியது. கஜபதி நின்ற இடத்திலேயே நின்றார். தேதி! பூனையும் அன்றைய தேதியும் ஒரே படத்தில் இருந்துவிட்டால் யார் பொய்யென்று சொல்ல முடியும்?

காலண்டரைக் கழற்றி, ஏரிப் பக்கம் பார்த்த பின்வாசல் நிலையில் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி மாட்டினார். காலை வெயில் நேராக அங்கேதான் விழும். வெயில் இருந்தால்! ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. வெளிச்சம் வந்த அன்று பூனை வராது. பூனை வந்த அன்று வெளிச்சம் வராது. இரண்டும் வந்த ஒருநாள், அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் தாள் நாலாகக் கிழிந்து கிடந்தது.

கஜபதி சளைக்கவில்லை. காலை வேலையை மாற்றிக்கொண்டு மதிய வேலைக்குப் போனார். விடிந்ததும் பின்வாசலுக்கு நேரே வெளியே பாய் விரித்துக் குப்புறப் படுத்து, கேமராவைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் வேலிமேல் எட்டிப் பார்த்து அலறிவிட்டாள்.

"ஐயோ அண்ணே! இன்னா ஆச்சி? மயக்கமா?"

"உஷ்! கத்தாத. பூன வருது."

"பூன வந்தா மனுசன் எதுக்கு வுழுந்து கெடக்கணும்?"

"அதுங்கூட பேசறதுக்கு."

பஞ்சவர்ணம் கன்னத்தில் கை வைத்தாள். வனஜா ஊரில் இல்லாததால் மனுசனுக்கு மறை கழன்றுவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு.

ஆனால் தரையில் படுத்துப் பார்க்கும்போதுதான் கஜபதிக்குப் பூனையென்றால் என்னவென்று தெரிய ஆரம்பித்தது. வெளிச்சத்தில் அதன் கண்மணி நெல் மாதிரி ஒடுங்கும். பாயப்போவதற்கு முன் காது இரண்டும் முன்னால் வரும், பின்பக்கம் லேசாக ஆடும், மீசை விரியும். அதைப் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், எண்ணெய் காய்ந்ததைப் பார்த்துக் கடுகு எப்போது வெடிக்கும் என்று சொல்வது போல. பீரங்கிக்கும் இந்தப் புது கஜபதியைப் பிடித்துப் போனது. காலடியில் இடிக்கிற ஆள் இல்லை, தன் உயரத்துக்கு இறங்கி வந்த ஆள். வந்து அவர் மூக்கை மோந்து பார்த்தது. அன்றுமுதல் கேன்டீனிலிருந்து மீன் தலை பொட்டலமாக வீட்டுக்கு வந்தது.

அக்டோபர் மாதக் கடைசி. ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டு, கழுவிவிட்ட மாதிரி வெயில் அடித்தது. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பில் பெரிதாக 31. கஜபதி படுத்தார். பீரங்கி வந்தது. ஏரிக் காற்றில் தாள் படபடத்தது. காது முன்னால் வந்தது. பின்பக்கம் ஆடியது. கஜபதி மூச்சைப் பிடித்தார். அவசரப்படவில்லை.

பீரங்கி எகிறித் தாளைப் பிடுங்கியது. கிழிக்கவில்லை. முழுத் தாளையும் வாயில் கவ்விக்கொண்டு, வாலை நட்டுக்கொண்டு, குடியரசு தினத்தில் நடக்கிற சிப்பாய் மாதிரி அவரை நோக்கி நடந்து வந்தது. வாயில் தேதி. இரண்டு கண்ணும் நேராக அவர்மேல். மீசையின் ஒவ்வொரு முடியிலும் வெயில்.

ஒரு பாய் நீளம்.

கஜபதி பித்தானை அமுக்கினார்.

பால்ராஜ் அந்தப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். "அண்ணாத்தே, இத மெய்யாலுமே நீயா புடிச்ச?" என்றான். பெரிதாகப் போட்ட இரண்டு பிரதியில் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, கல்யாண ஜோடிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக மாட்டினான். ரயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று ஜபல்பூருக்குப் பறந்தது. கறுப்புக் கரை இல்லாமல்.

தீபாவளிக்கு முன்னால் பூத்தில் மணி அடித்தது. ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை, சிரிப்பு. மூச்சுவிடாத சிரிப்பு.

"நைனா... அவன் வாயப் பாரு நைனா! முப்பத்தொண்ணாந் தேதிய கவ்விகினு வரான்! எப்டி நைனா புடிச்ச? இவரு ஆபீசுல எல்லாருக்கும் காட்டறேன்னு எடுத்துகினு போயிட்டாரு. நான் அழுது வாங்கி வெச்சிகினேன்."

"சாப்டியாமா?"

"ரெண்டு தட்டு. பீரங்கி கொழுத்துட்டான். எல்லாத்தையும் அவனுக்கே போட்டுட்டு நீ பட்டினி கெடக்காத. நீயும் துன்னு."

வனஜா பிடுங்கிப் பேசினாள். "யோவ், கொதிப்பு எறங்கிடுச்சின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத." குரலில் அத்தனை சந்தோஷம்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கஜபதி கேன்டீனில் அன்றைக்கு உப்புமாவை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்கே கேசரி கிண்டினார். பஞ்சவர்ணத்தின் கையில் பீரங்கியை ஒப்படைத்து, "மவராசி, வேளாவேளைக்கு சோறு வெச்சிடு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஜபல்பூரில் பனி விலகாத காலை. உள்ளே நுழைந்தவர் கைகால் கழுவி வந்து, ஜன்னலோரத்தில் துணிமேல் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். பழுத்த தக்காளி மாதிரி இருந்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கேமராவோடு தரையில் குப்புறப் படுத்தார்.

"யோவ், இன்னாய்யா இது? வந்ததும் வராததுமா கீழ வுழுந்துட்ட? கொயந்தைய தூக்கு மொதல்ல!"

"இரு வனஜா. கண்ணு தொறக்கட்டும்."

"அது எப்ப தொறக்குமோ!"

"தொறக்கும்."

வடிவு கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை நெளிந்தது. உதட்டைப் பிதுக்கியது. சின்னதாக ஒரு கொட்டாவி. கஜபதி அமுக்கவில்லை. பிறகு இமை மெல்லப் பிரிந்து, கறுப்பு முத்து இரண்டு வெளிச்சத்தைத் தேடின. அப்போதுதான் பித்தான் சத்தம் கேட்டது.

"எப்டி நைனா வந்திருக்கும்?" என்றாள் வடிவு.

"ஜோரா வந்திருக்கும்" என்றார் கஜபதி. அதற்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்து, பேத்திக்காகக் கையை நீட்டினார்.